கழிப்பறைச் சாவியும் காட்டெருமைக் கமிஷனும்

ஒரு காட்டில் இருந்த பள்ளியில், திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வகுப்புகளைவிட்டு வெளியே வந்தன. முன்னால் நின்றது பத்தாம் வகுப்புச் சருகுமான் செவந்தி. முயலைவிடச் சற்றே பெரிய உருவம். முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு செங்கல் வைத்திருந்தது. அந்தச் செங்கல்லால் அது பள்ளிக் கழிப்பறையின் பூட்டை உடைத்தது.

இந்தச் சந்தடியில் ஒன்பதாம் வகுப்புக் குரங்குகள் இரண்டு பூந்தொட்டிகளை உடைத்தன. பூட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அந்தத் தொட்டிகள் மீது அவற்றுக்கு ஜூன் மாதத்திலிருந்தே கண். மறுநாள் காட்டுப் பத்திரிகைகள் எல்லாம் 'பள்ளியில் கலவரம்' என்று எழுதின. பூந்தொட்டிகளின் படம் முதல் பக்கத்தில் வந்தது. பூட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அந்தக் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, கைகழுவும் தொட்டி என்று எல்லா வசதிகளும் அதில் இருந்தன. திறப்பு விழா அன்றே தலைமையாசிரியர் கரடியார் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் போனால் அழுக்காகிவிடும், ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. கவலை வீண்போகவில்லை. காட்டிலேயே தூய்மையான கழிப்பறைக்கான விருது இரண்டு ஆண்டுகளாக அந்தப் பள்ளிக்குத்தான் கிடைத்தது. ஆண் பிள்ளைகள் சுற்றுச்சுவரைத் தாண்டிப் புதருக்குப் போயின. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அது பழகியும் போயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை செவந்திக்குக் காய்ச்சல். அம்மா மான் வற்புறுத்திக் கஞ்சித் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்பியிருந்தது. மூன்றாம் பாடவேளையில் செவந்தி எழுந்து நின்றது. கணக்கு ஆசிரியர் கொக்கு, பெல் அடிக்கட்டும் என்றார். பெல் அடித்ததும் தலைமையாசிரியரிடம் ஓடியது. நாளை மறுநாள் ஆய்வு இருக்கிறது, அதுவரை பொறுத்துக்கொள் என்றார் அவர். திரும்பி வரும் வழியில் செங்கல் கிடந்தது. செவந்தி கல்லை எடுத்ததைப் பார்த்து அதன் வகுப்பு எழுந்தது. அந்த வகுப்பு எழுந்ததைப் பார்த்து அடுத்த வகுப்பு எழுந்தது.

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. கரடியார் அன்றே செவந்திக்கு டி.சி. எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் மேசையில் வைத்தார். 'மாணவர் ஒழுங்கீனத்தின் காரணங்களை' ஆராயக் குழு ஒன்று வருகிறது, அது சொன்னபடி செய்வோம் என்று அம்மா மானிடம் தெரிவித்தார். அம்மா மான் படிக்காதது. மகள் பத்தாவது தேறினால் நர்சிங் சேர்க்கலாம் என்று நினைத்திருந்தது. அது குழு வரும் நாளில் விடிந்ததுமே பள்ளி வராந்தாவுக்கு வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி காட்டெருமையார். கழிப்பறை விருதை இரண்டு முறையும் தம் கையால் வழங்கியவர் அவர்தான். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் பெற்றோர் சங்கத் தலைவர் நரியார். இன்னொருவர் மனநல நிபுணர் ஆந்தையார். விசாரணை பகலில் நடந்ததால் அவர் பெரும்பாலும் உறங்கினார். வந்ததும் இளநீர் கொடுத்தார்கள். பிறகு டீ. பிறகு மோர். வெயில் அதிகம் என்று ரோஸ் மில்க்.

ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து காரணம் சொன்னார்கள். கொக்கு, தலைமுடி வெட்டுதான் காரணம் என்றார். தமிழாசிரியர் மயில் கைபேசி என்றார். உடற்பயிற்சி ஆசிரியர் சிறுத்தை, தமது பாடவேளைகளை எல்லாம் கணக்குக்குப் பிடுங்கிக்கொண்டதைச் சொல்ல வாயெடுத்தார். கொக்கு பார்த்த பார்வையில் அவரும் தலைமுடி என்றார். நரியார், பெற்றோர் செல்லம் கொடுப்பதே மூலகாரணம் என்று சொல்லி, தாமே அதைக் குறித்துக்கொண்டார்.

ஆசிரியர்களுக்குப் பிறகு செவந்தியைக் கூப்பிட்டார்கள்.

"எதுக்கும்மா உடைச்சே?" என்றார் காட்டெருமையார்.

"பூட்டியிருந்துச்சு சார்."

"அது சந்தர்ப்பம். நான் காரணத்தைக் கேட்கிறேன்."

செவந்திக்கு வேறு காரணம் தெரியவில்லை. பேசாமல் நின்றது. குற்ற உணர்ச்சியின் அறிகுறி என்று ஆந்தையார் கண்ணை மூடியபடியே சொன்னார்.

மூன்று மணி சுமாருக்குக் காட்டெருமையார் நாற்காலியில் இப்படியும் அப்படியும் நகர்ந்தார். ஒரு சாட்சியிடம் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். பிறகு எழுந்து, பியூன் முள்ளம்பன்றியைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னார். புதுப் பூட்டின் சாவி தலைமையாசிரியர் இடுப்பில் இருப்பதாகவும், அவர் கல்வி அலுவலகத்தில் மீட்டிங்குக்குப் போயிருப்பதாகவும் முள்ளம்பன்றி சொன்னது.

"எப்ப வருவார்?"

"மீட்டிங் முடிஞ்சா வந்துருவாருங்க. டீ கொண்டாரட்டுங்களா?"

காட்டெருமையார் சுற்றுச்சுவர்ப் பக்கம் பார்த்தார். அங்கே புதரோரம் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கழிப்பறையை நோக்கி நடந்தார். நடை ஓட்டமானது. கொம்பைத் தாழ்த்தினார். செவந்தி பூட்டை மட்டும்தான் உடைத்திருந்தது. இந்த முறை கதவு நிலையோடு போனது. பின்னாலேயே நரியார் வரிசையில் நின்றார். ஆந்தையாருக்கும் விழிப்பு வந்திருந்தது.

வராந்தாவில் அம்மா மான் மகளின் காதில் மெதுவாகச் சொன்னது: "ஐயாவுக்கே வந்துருச்சு பாத்தியா. இனி உனக்கு ஒண்ணும் ஆவாது தாயி."

வெளியே வந்த காட்டெருமையாரின் முகத்தில் சாந்தம் இருந்தது. செவந்தியின் தலையைத் தடவிக்கொடுத்தார். "உன் கஷ்டம் இப்பதான் எனக்குப் புரியுது" என்றார். அம்மா மான் அவர் கால்களில் விழப் போனது. அவர் தடுத்துவிட்டார்.

அறிக்கை ஒரே வாரத்தில் வந்தது. ஒழுங்கீனத்தின் காரணத்தைக் குழு சொந்த அனுபவத்தில் கண்டறிந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. காரணம் தண்ணீர். இளநீரும் மோரும் அருந்தாமல் இருந்திருந்தால், சட்டம் படித்த ஒரு நீதிபதியே அந்த நிலைக்கு ஆளாகியிருக்க மாட்டார். சின்னப் பிள்ளைகள் என்ன செய்யும்? ஆகவே மாலை நான்கு மணிவரை பள்ளிக் குழாய்களை மூடிவைக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது. கழிப்பறைக்கு இரும்புக் கதவு போட வேண்டும். குழு கதவை உடைத்தது கள ஆய்வு. செவந்தி உடைத்தபோது அது எந்தக் குழுவிலும் இல்லை என்பதால், அது ஒழுங்கீனம்.

கரடியார் டி.சி.யில் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் பதினெட்டாம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. அன்று மாலை அந்தப் பள்ளி மூன்றாம் ஆண்டாகத் தூய்மைக் கழிப்பறை விருதைப் பெற்றது, காட்டெருமையார் வழங்கினார். செவந்தி அன்று காலை ஆற்றில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. அதற்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை.

நீதி: அவசரம் எல்லாருக்கும் வரும். ஆகவே முதலில் விசாரணைக் குழுவில் சேர்ந்துவிட வேண்டும். கதவை அதன்பிறகு உடைக்கலாம்.