குப்பைமேனிக்கு ஒரு அனுமதிக் கடிதம்

என் வாழ்க்கையில் நான் செய்த மகா முட்டாள்தனம், ஒரு காரியத்தை முறைப்படி செய்ததுதான்.

போன கோடை விடுமுறையில், எங்கள் பிளாக் பிள்ளைகளுக்கு நம் ஊர்ச் செடிகளையும் அவற்றின் நாட்டு வைத்தியப் பயன்களையும் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினேன். (தாவரவியல் பட்டத்தோடு எட்டு மாதம் வீட்டில் இருந்தால் யாருக்கும் சேவை மனப்பான்மை வந்துவிடும்.) குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்த காலி இடத்தில் தும்பை, நாயுருவி, குப்பைமேனி என இருபத்தோரு செடிகளைப் பார்த்து வைத்தேன். "முதல் கிளாஸ் நல்லாப் போனா வாராவாரம் நடத்திக்கம்மா" என்றிருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அதோடு நின்றிருக்கலாம். 'குழந்தைகள் வருகிறார்கள், ஆவன செய்யவும்' என்று டவுன்ஷிப் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தேன்.

ஆவன செய்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை பதினான்கு பிள்ளைகளோடு போய் நின்றால், இடம் மொட்டை! சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் கோடு, நடுவில் நான்கு குரோட்டன்ஸ் தொட்டி. என் பாடத்திட்டம் மொத்தமும் மூலையில் குவியலாகக் கிடந்தது. பக்கத்தில், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்கு வரும் செல்வி அக்கா கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யாருக்கா இதையெல்லாம் புடுங்கச் சொன்னது?"

"எவளோ லெட்டர் குடுத்தாளாம். ஆறு மணிலேந்து குனிஞ்சிகினு கெடக்குறோம். அந்த மகராசி மட்டும் கையில கெடைக்கட்டும்."

(மகராசி மெதுவாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.)

ஆனால் விடுவேனா? ஆத்திரத்தோடு குவியலிலிருந்து ஒரு கொத்தை உருவினேன். "பிள்ளைகளா, இதுதான் குப்பைமேனி. அரிப்புக்கு இப்படிக் கசக்கித் தேய்க்கணும்!" முழங்கை வரை தேய்த்தேன். ஒரு விளம்பரத்துக்காகக் கழுத்திலும்.

"அய்யய்யோ பாப்பா, அது காஞ்சொறி! அதுக்குத்தான நாங்களே கிளவுஸு போட்டுகினு புடுங்கனோம்!"

(வாடிய இலைகள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? பட்டம் கொடுத்தவர்கள் மன்னிக்க.)

அப்புறம் அரிப்பில் நான் ஆடியது எந்த ஆண்டு விழாவிலும் வராத ஆட்டம். செல்வி அக்கா அதே குவியலில் நிஜக் குப்பைமேனியைத் தேடியெடுத்து, கூழுக்கு வைத்திருந்த உப்பைச் சேர்த்துக் கசக்கி என் கையில் பூசினார். பதினான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, காஞ்சொறி எதுக்கு யூஸ் ஆகும்?" என்று அக்காவிடம் கேட்டாள் ஒரு சின்னப் பெண்.

"லெட்டர் குடுத்தவளுக்குத் தேய்க்கலாம் கண்ணு."

அடுத்த ஞாயிறு முப்பது பிள்ளைகள் வந்தார்கள். பாடத்துக்கு என்று நம்பினேன். மிஸ் இன்றைக்கு எதைத் தேய்த்துக்கொள்வார் என்று பார்க்க வந்தார்களாம்!

போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடம், "செடிகொடி பத்தியெல்லாம் கரைச்சுக் குடிச்சவ" என்று அப்பா பெருமையடித்தார். என் தம்பி நிதானமாகக் கழுத்தைச் சொறிந்தான். அம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள்.

மாப்பிள்ளையின் அப்பா அக்கறையாகக் கேட்டார்: "டவுன்ஷிப்புல கொசு ஜாஸ்திங்களா?"