இடுப்பளவுத் தண்ணீரில் சிவப்புத் தாள்

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளை ஜான்சன் அவர்களுக்கு,

செங்கல்பட்டிலிருந்து மச்சான் ஏசுதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். மஸ்கட் வெயில் உங்களை வாட்டாமல் தேவன் காப்பாராக. போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் லீவில் வந்து திரும்பும் உங்கள் ரூம்மேட் ஸ்டான்லி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மகள் ஜெனிட்டாவின் ஞானஸ்நானத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. "மச்சான், எம்பொண்ணு தண்ணிக்குள்ள முழுகற அந்த ஒரு நிமிஷம் வீடியோ போதும், அத்தப் பாத்துகினே மீதி ரெண்டு வருசத்த ஓட்டிடுவேன்" என்றீர்கள். நான் சும்மா எடுத்திருக்கலாம். யூடியூபில் ஒருத்தன், கடலுக்குள் சிவப்பு நிறம் செத்துப்போகும், சிவப்பு ஃபில்டர் போட்டால்தான் மனுஷ முகம் மனுஷ முகமாய்த் தெரியும் என்றான். ஃபில்டருக்கு நான் எங்கே போவேன்? பரணில் கிடந்த கிறிஸ்மஸ் ஸ்டாரிலிருந்து சிவப்புக் கண்ணாடித் தாளைக் கிழித்து, போன் போடும் தண்ணி புகாத உறைமேல் டேப் போட்டு ஒட்டினேன். அவன் சொன்னது அறுபதடி ஆழத்துக்காம். மாமல்லபுரத்தில் நாங்கள் நின்றது இடுப்பளவுத் தண்ணீரில்! அங்கே சிவப்பு சாகவே இல்லை மாப்பிள்ளை. பாஸ்டர், அலை, வெள்ளை உடுப்பு எல்லாமே ரத்தச் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அதைத் திரை போட்டுக் காட்டினார்கள். நான் ஓடிவிடலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள், ஜெனிட்டாவோடு அதே நாளில் ஞானஸ்நானம் எடுத்த நம் தெரு வேண்டா அக்கா எழுந்து, "ஏசப்பா தன் ரத்தத்தால புள்ளைய கழுவிகினு கீறாரு, பாருங்க!" என்று கத்திவிட்டார். சபை முழுக்க அல்லேலூயா. அது ஸ்டார் தாள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? நானும் சேர்ந்து கை தட்டினேன். ச்சே, ரிடையர் ஆன வயசுல இது எனக்குத் தேவையா? வர்ற வாரம் சாட்சி சொல்ல என்னையே கூப்பிட்டிருக்காங்க.

அதைவிட வெட்கம் உங்களை நினைச்சாதான். நான் அனுப்பினதை ரூம்ல எல்லாருக்கும் காட்டி, "எம்பொண்ணு மொகத்துல இன்னா ஒளி கீது பாருங்கடா"ன்னு அழுதீங்களாம். போனுக்கு முத்தம் குடுத்தீங்களாம். ஸ்டான்லி சொன்னதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல மாப்ள. ஞாயித்துக்கெழமை எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிடறேன். சிவப்பை எடுத்துத் தரச் சொல்லி ஸ்டூடியோ ரஞ்சித்குமார்கிட்ட குடுத்திருக்கேன். புள்ள மொகத்தை நல்லபடியா அனுப்பறேன், மன்னிச்சுடுங்க.

தங்கை பாப்பாவும் ஜெனிட்டாவும் உங்களை மிகவும் கேட்டார்கள். உங்கள் வேலையையும் உடம்பையும் கர்த்தர் காத்து நடத்தட்டும்.

தலைகுனிந்து,
ஏசுதாஸ்

பின்குறிப்பு: ரஞ்சித்குமார் சிவப்பை எடுத்துவிட்டான். முகம் பளிச்சென்று தெரிகிறது. ஜெனிட்டா இல்லை மாப்பிள்ளை. அலை அடித்ததில், வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவரை எடுத்திருக்கிறேன். நீங்கள் முத்தம் கொடுத்தது வேண்டா அக்காவுக்கு.