அந்த ஹீரோ நான்தான்

"அந்தப் படத்து ஹீரோ வேற யாருமில்ல, நம்ம மிம்மோதான்!" என்றார் காப்பிக் கடைக்காரர்.

சபாத்தினோவுக்குக் காப்பி கசந்தது. மூன்று கரண்டி சர்க்கரை போட்டும் கசந்தது. நேப்பிள்ஸின் அந்தச் சந்தில், டான் அனியெல்லோவின் காருக்குப் பதினெட்டு வருடமாகக் கதவு திறந்துவிடுகிறவன் அவன். மிம்மோ நேற்று வந்த பயல். டானுக்குக் குடை பிடிப்பதோடு சரி. ஒரு கடைநிலை ரவுடியைப் பற்றிப் படமெடுக்க ரோமிலிருந்து ஆள் வந்தால், அந்தப் பெருமை நியாயமாக யாருக்குச் சேரவேண்டும்?

வீட்டிலும் அதே பாட்டு. "மிம்மோ மாதிரி தலையாவது ஒழுங்கா சீவக் கூடாதா நீங்க?" என்றாள் மனைவி நுன்சியா.

நேரே டைரக்டர் ஒர்னெல்லாவிடம் போனான். "யாரோட கதைம்மா இது?"

"இந்தச் சந்துல இருக்கற ஒருத்தரோட நிஜக் கதை. பேரை வெளிய சொல்றதில்லன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்போ ஹீரோ என் சிவப்புத் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கட்டும்."

நடிகர் போட்டுக்கொண்டார். பால்கனிகளெல்லாம் கைதட்டின. "அட, அப்படியே மிம்மோ!"

சபாத்தினோ விடவில்லை. பல்லில் குச்சியைக் கடித்தபடி தோளை ஆட்டி நடக்கும் தன் நடையை நடிகருக்குச் சொல்லிக்கொடுத்தான். "மிம்மோ நடை! சபாத்தினோகூட அவனைப் பாத்துத்தான் காப்பியடிக்கிறான்" என்றது சந்து. நுன்சியாவும் சிரித்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஹீரோவுக்கு என் பேரை வைங்க. இது என் கதைன்னு கையெழுத்தே போட்டுத் தர்றேன்."

"முழுக்கதையையும் படிச்சுட்டுப் போடுங்களேன்" என்றாள் ஒர்னெல்லா.

"என் கதையை நானே படிக்கணுமா?" என்று கையெழுத்துப் போட்டான்; ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

மிம்மோ சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தான். அவனோ கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். "எடுத்துக்கங்கண்ணே, உங்களுக்குத்தான் பொருத்தம்." பயலின் பெருந்தன்மைமேலும் பொறாமை வந்தது.

படப்பிடிப்பு முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதா கோவில் கூடத்தில் படம் போட்டார்கள். முன்வரிசையில் டான். திரையில் 'சபாத்தினோ' என்று யாராவது கூப்பிடும்போதெல்லாம் விசில் பறந்தது. பல வருடங்களுக்குப் பிறகு நுன்சியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பத்து நிமிடத்தில், திரையில் வந்த சபாத்தினோ ஒரு டஜன் பலகாரம் வாங்கினான். பெட்டியோடு போலீஸ் ஸ்டேஷன் பின்வாசல் வழியாக நுழைந்தான். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா வளர்த்த பிள்ளை. இன்ஸ்பெக்டரோடு உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டே டானின் ரகசியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

விசில் நின்றது. நுன்சியாவின் கை மெல்ல விலகியது. விளக்கு எரிந்ததும் டான் திரும்பிப் பார்த்தார்.

"கையெழுத்து உன்னோடதா, சபாத்தினோ?"

"கையெழுத்து என்னுது... கதை என்னுதில்ல டான்!"

"உன்னுதுன்னு ஊர் பூரா நீதானேப்பா சொன்னே?"

அப்போது பின்வரிசையிலிருந்து பலகாரக் கடை பிலோமேனா அக்கா எரிச்சலோடு எழுந்தாள்.

"படமா எடுத்திருக்காங்க? ஒரு டஜன், நீல ரிப்பன், வியாழக்கிழமை நாலு மணி, எல்லாம் சரி. ஆனா இந்த சபாத்தினோ என் கடைப் படியே ஏறினதில்லையே! வாராவாரம் வந்து வாங்கறது நம்ம மிம்மோதான்!"