கை வைக்காதே

படிகம் இரண்டாக உடைந்து, ஒரு பாதி நூலிலும் மறு பாதி உள்ளங்கையிலுமாக இருந்தபோது, பாதுகாப்பு அதிகாரியின் கண் ஜாடியின் மேல் போனது. ஜாடியில் 'கை வைக்காதே' என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். தொழிற்சாலையில் எந்திரங்களின் மேல் ஒட்டுவதற்காக அவரே வாசகம் எழுதி அச்சடித்தது. மகள் கேட்டாள் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் அவரே.

தொழிற்சாலையில் அவர் சொல்லுக்கு நல்ல மதிப்பு. அவர் தலையைக் கண்டாலே ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். வீட்டில் கதை வேறு. போன வருஷம் மகள் அட்டையில் கட்டிய பாலம் தாங்குமா என்று அழுத்திப் பார்த்தவர் இவர். அதற்கு முந்தைய வருஷம் அவள் நட்ட பயறு முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்தவரும் இவரே. அதன்பிறகு பள்ளிக்கூட வேலை எதுவானாலும் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள்.

இந்த முறை என்ன நினைத்தாளோ, ஜாடியை ஹாலில், ஜன்னலோரமாக வைத்தாள்.

"குடும்பமா சேர்ந்து படிகம் வளக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கப்பா. நீங்க தினமும் பாத்துக்கங்க. தொட மட்டும் கூடாது."

மனிதர் உச்சி குளிர்ந்துபோனார். மகள் மறுபடியும் தன்னைச் சேர்த்துக்கொண்டாளே! வேலை விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, ஜாடிக்கு முன்னால் ஆஜராகிவிடுவார். உள்ளே நூலில் தொங்கிய கல் கண்ணாடியாக மின்னியது. அதில் ஒரு பக்கம், யாரோ தேய்த்துத் தேய்த்து இழைத்ததுபோல் அத்தனை வழவழப்பு. இயற்கையின் கைவேலையே தனி என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவள் ஒவ்வொரு முறையும் "உம்" கொட்டினாள்.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. மனைவியும் மகளும் ஷூ வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். அந்த வழவழப்பான பக்கத்தை வெயிலில் காட்டி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறக்கிவிடலாம் என்றுதான் நூலைத் தூக்கினார். கல் ஜாடியின் விளிம்பில் இடித்துக்கொண்டது.

விஷயம் தெரிந்தால் மகள் அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள். பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் கல்யாணமாகிப் போகும்வரை அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. அவர்கள் வருவதற்குள் எப்படியாவது ஒப்பேற்றியாக வேண்டும்.

டிராயரில் பசைக்குழாய் இருந்தது. எதையும் நொடியில் ஒட்டும் என்று அதன் மேல் போட்டிருந்தது, பொய்யில்லை. கல்லின் இரண்டு பாதிகளும் அவருடைய ஆள்காட்டி விரலோடு நொடியில் ஒட்டிக்கொண்டன. ஒன்றோடொன்று மட்டும் ஒட்டவில்லை.

பசை ஒட்டினால் பதறாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் வகுப்பு எடுப்பவர் அவர்தான். பதறிக்கொண்டே ஊறவைத்தார். விரல் ஒருவழியாக விடுதலையானது. கல்லில் மட்டும் பசை திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. விரலுக்குப் பலித்தது கல்லுக்குப் பலிக்காதா என்று பாத்திரத்தை அப்படியே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டார். கரண்டியால் கிளறியும் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தில் பசை இருந்தது, தண்ணீர் இருந்தது, கல்லைக் காணோம்.

அப்போதுதான் பின்னறையில் இருந்த மாமனாரின் ஞாபகம் வந்தது. சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்த்துக்கொள்ள அவர் ஒரு கல் வைத்திருப்பார். அதுவும் வெள்ளை, அதுவும் பளபளப்பு. அதை எப்படி மறந்தோம் என்று தலையில் தட்டிக்கொண்டு ஓடினார்.

மாமனார் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தாடைக் கீறல்களில் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த சவரக் கல்லை ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"எடுத்தவரே வந்து கேட்டா நான் எங்க போறது? அது இல்லாமதான் ஒரு வாரமா மூஞ்சி பூரா பேப்பரோட அலையறேன்."

"நான் எதுக்கு மாமா உங்க கல்லை எடுக்கப்போறேன்?"

"எதுக்குன்னு எனக்கெப்படித் தெரியும்? இந்த வீட்ல எது காணாமப் போனாலும், எது உடைஞ்சாலும், விசாரிச்சுக்கிட்டே போனா உங்ககிட்டதான மாப்பிள்ளை வந்து நிக்குது."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. தன் கையைப் பற்றி ஆயிரம் சொல்லட்டும், ஆனால் திருட்டுப்பட்டமா? "உங்க கல்லு மேல என் விரல் நுனிகூடப் பட்டதில்ல மாமா," என்று சிவந்துபோயிருந்த விரலை நீட்டிச் சத்தியம் செய்துவிட்டு, தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடினார்.

படிகக் கல் வேண்டும் என்றதும் கடைக்காரர் கையைப் பிசைந்தார். வெள்ளையாக, பட்டை பட்டையாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும் என்று இவர் மூச்சு வாங்க விளக்கினார். இவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்பானேன் என்று கடைக்காரர் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபின், ஒரு சந்தேகத்தில் நக்கிப் பார்த்தார். கற்கண்டு.

இனித்தால் என்ன, கண்காட்சியில் யார் நக்கிப் பார்க்கப்போகிறார்கள்? இருப்பதில் பெரிய துண்டாகப் பொறுக்கி நூலில் கட்டி இறக்கினார். அற்புதமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வருவதற்குள் அது இளைத்து மிளகு அளவாகியிருந்தது. மேஜைமேல் பிரித்துப்போட்ட பொட்டலத்துக்கு எறும்புகள் வரிசையாக வந்து சேர்ந்தன.

இனி கரையாத பொருளாகத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து அண்ணாந்து பார்த்தார். ஹால் விளக்கைச் சுற்றிக் கண்ணாடிக் குண்டுகள் தொங்கின. மனைவி கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த விளக்கு. இத்தனையில் ஒன்று குறைந்தால் தெரியவா போகிறது என்று ஸ்டூலில் ஏறி, ஒரு குண்டைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தார்.

மொத்த விளக்கும் வந்தது.

சத்தம் கேட்டு மாமனார் ஓடிவந்து பார்த்தார். "கேளுங்க, இதையும் நான் பண்ணலன்னு சொல்லுவேன்," என்பதுபோல் நின்ற மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தன் மகளும் பேத்தியும் வரும் நேரம். இதைத் தவறவிட அவருக்கு மனமில்லை.

உடையாமல் தப்பிய ஒரே குண்டைக் கட்டி ஜாடியில் இறக்கியபோது கதவு திறந்தது. மனைவி முதலில் மேலே பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். மகள் ஜாடியைப் பார்த்தாள். உள்ளே துளை போட்ட கண்ணாடிக் குண்டு ஜம்மென்று சுழன்றுகொண்டிருந்தது.

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். "ஆசையா நம்பி ஒப்படைச்ச. நான் கெடுத்துட்டேன்டா."

மகள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அவருடைய விரலைப் பிடித்துப் புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்தாள். "பரவாயில்லப்பா. விடுங்க."

அவ்வளவுதான். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் வளர்த்ததை உடைத்த அப்பனை இப்படி ஒரே நொடியில் மன்னிக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? இனிமேல் செத்தாலும் அவளுடைய பொருள்மேல் கை வைப்பதில்லை என்று மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்.

அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, துணி சுற்றிய ஒரு ஜாடியைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு நின்றார். துணியை விலக்கினார். உள்ளே கூரான முனைகளோடு, பட்டை தீட்டியதுபோல், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு படிகம் மினுங்கியது.

"அசைக்காம வளத்துட்டேன் கண்ணு," என்று மகளிடம் நீட்டியவர், அதிகாரியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அப்பா கை வைக்கிறதுக்குன்னு தாத்தாவோட சவரக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கேன்னாளே, அது எப்படி சார் இருக்கு?"