மேகலாவின் வளைகாப்பு தொடர்பாக

முகப்பேர் மேற்கு,
ஞாயிறு மாலை

மரியாதைக்குரிய பதிப்பாசிரியர் திருமதி ஆக்னஸ் அவர்களுக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தாரும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படித்தான் இருந்தோம், தங்கள் ஏழாம் பாகம் வெளிவரும் வரைக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை படிக்கிற ஆள் இல்லை. என் மகள் சித்ரா படிப்பாள். தாங்கள் வெளியிடும் 'தூர்த்த ஏரி' வரிசையை முதல் பாகத்திலிருந்து விடாமல் படித்து, இந்தப் பக்கத்து வாசகர்கள் சேர்ந்து ஆரம்பித்த மன்றத்துக்குத் தலைவியும் ஆகிவிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் எங்கள் அடுக்ககத்திலேயே மேல்மாடியில் இருப்பதால், கதை எனக்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. மேகலா என்ற பெண் பகலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். இருட்டினால், பிளாட் போட்டு விற்கப்பட்ட ஏரிகளின் ஆவிகளைப் பிடித்து அதே லாரியில் அடைக்கிறாள். ஆவிகள் லிஃப்ட்டில் ஏறுகின்றன, மோட்டார் ரூமில் உட்கார்ந்து அழுகின்றன, வீட்டுக்காரரிடம் பத்திரத்தைக் காட்டச் சொல்கின்றன. இப்போதெல்லாம் எங்கள் லிஃப்ட் நடுவில் நின்றால் ஒருவரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. "ஏரி வந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறார்கள். எல்லோரும் படித்தவர்கள்.

வினை ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்தது. வானகரம் பைபாஸ் ஓரமாக மேகலா லாரியை நிறுத்துகிறாள், இறங்குகிறாள், வாந்தி எடுக்கிறாள், அத்தோடு புத்தகம் முடிகிறது. அம்மையீர், தமிழ்நாட்டில் கல்யாணமான ஒரு பெண் கதையில் வாந்தி எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்குத் தெரியாதா? பரோட்டா ஒத்துக்கொள்ளாமல் கதாநாயகி வாந்தி எடுத்து நாம் எங்காவது பார்த்திருக்கிறோமா? கதையே கேட்காத என் மனைவி லோகநாயகிகூட, "எத்தனாவது மாசமாம்?" என்று விசாரித்தாள். மேகலாவின் கணவன் மூன்றாம் பாகத்திலிருந்து பாதி ஆவியாக அல்லவா இருக்கிறான், அவனால் எப்படி என்று என் நியாயமான சந்தேகத்தைக் கேட்டேன். "அப்பா, அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று சித்ரா சொல்லிவிட்டாள். மன்றத்தில் வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

மன்றத்துச் செயலாளர் நிர்மல், ஐ.டி. கம்பெனிக்காரன், நல்ல பையன். ஏழாம் பாகம் வருவதற்குள் மேகலாவுக்கு வளைகாப்பு நடத்திவிடலாம் என்று அவன்தான் கிளப்பினான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் நம் ஊரில் வளைகாப்பு என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு அது விளையாட்டாக நிற்குமா? கேட்டில் பிளெக்ஸ் பேனர் ஏறியது. ஹாலில் மேகலாவின் படத்தை ஆளுயரத்துக்கு நிறுத்தி, வளையல் போட வசதியாகத் தெர்மாகோலில் இரண்டு கை செய்து ஒட்டி, பட்டுப்புடவை சுற்றினார்கள். லோகநாயகி ஒரு அண்டா புளிசாதம் கிளறினாள். உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணுக்கு ராகுகாலம் பார்த்து நேரம் குறித்தோம். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற நிஜ லாரி டிரைவர் பச்சையப்பன், 'லாரி ஓட்டுநர் மேகலாவுக்கு வளைகாப்பு' என்று பேனரில் பார்த்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்து நின்றார். "இன்னா சார், நம்ம லைன்ல லேடி டிரைவர் கீறாங்கன்னு யாருமே சொல்லல. எந்த ஓனர் வண்டி?" என்று கேட்டார். இது கதை என்று நிர்மல் பொறுமையாக விளக்கினான். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதையோ நெசமோ, வாயும் வயிறுமா கீற பொண்ணு லாரி ஓட்டக் கூடாதுபா, குலுக்கும். லீவு போடச் சொல்லு" என்று பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இதுவரை சிரித்த முகமாக எழுதிவிட்டேன், இனி முடியாது. சித்ராவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போகிறது, குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. எங்கள் அடுக்ககத்தில் எந்த வளைகாப்பு என்றாலும் கீழ்வீட்டு பேபி அக்காதான் முன்னால் நின்று நடத்துவார். சந்தனம் பூச என் மகள் வரிசையில் வந்தால், "நீ இன்னாத்துக்குக் கண்ணு இங்க நின்னுக்கினு, போய் பந்திய பாரு" என்று அனுப்பிவிடுவார். குரலில் அத்தனை பாசம் இருக்கும், பதிலுக்குச் சண்டைகூடப் போட முடியாது. போன இடத்திலெல்லாம் பந்தியைப் பார்த்தே என் மகளுக்கு வயதாகிவிட்டது. அன்றைக்கு நிர்மல் மைக்கைப் பிடித்து, முதல் வளையல் போட மன்றத் தலைவி வரவேண்டும் என்று கூப்பிட்டான். பேபி அக்கா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். தெர்மாகோலுக்கு என்ன தோஷம் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். சித்ரா எழுந்து போய்ச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு கையிலும் வளையல் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது, அம்மையீர். நான் தூண் மறைவில் போய் நின்று அழுதேன்.

பிறகு தங்கள் ஏழாம் பாகம் வந்தது. அதே ஹாலில் புத்தகக் கட்டைப் பிரித்து, ஆளுக்கொன்று வாங்கி, நின்றபடியே படித்தார்கள். மேகலா ரியல் எஸ்டேட்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு ஏரியையே குடித்து வயிற்றில் வைத்திருந்தாளாம். அதுதான் குமட்டியதாம். திருமழிசைப் பக்கம் ஒரு பொட்டலில் அதைக் கக்கிவிட்டு, கரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். கடைசிப் பக்கம் வரை குழந்தை என்ற பேச்சே இல்லை. பொடியன்கள் "செம ட்விஸ்ட்" என்றார்கள். பெண்கள் சிலர் அழுதார்கள். நிர்மல் செயலாளர் பதவியை ராஜினாமா செய்தான். "அப்ப நான் கிளறுன புளிசாதம்?" என்று லோகநாயகி என்னைக் கேட்டாள், நான்தான் கதை எழுதினவன்போல. மறுநாள் பச்சையப்பன் தண்ணீர் விட்டுக்கொண்டே, "இன்னா கொழந்த சார்?" என்றார். ஏரி என்றேன். "நல்லதா போச்சு சார், வெயில் காலத்துல கஷ்டம் இருக்காது" என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பேபி அக்கா லிஃப்ட் அருகே நாலு பேரை வைத்துக்கொண்டு, "மொத வளையல் யார் கையால வுழுந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க" என்று சொன்னதை எப்படிப் பொறுப்பது? இல்லாத பெண்ணின் இல்லாத கர்ப்பம் இல்லாமல் போனதற்கும் என் மகள்தான் காரணமாம். சித்ரா அதைக் காதால் கேட்டாள். படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகவே கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் பாகத்தில் மேகலாவுக்குக் குழந்தை பிறந்தாக வேண்டும். இரட்டைக் குழந்தையானால் பேபி அக்காவின் வாய் அடியோடு அடைபடும். பாதி ஆவியான கணவன் விஷயத்தைத் தங்கள் எழுத்தாளர் ஜெகதீஷ் எப்படியாவது சமாளித்துக்கொள்ளட்டும், ஏரியைக் குடிக்க வைத்தவருக்கு இது முடியாதா? மேலும், என் மகள் சித்ராவின் கைக்கும் ஏழாம் பாகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தங்கள் லெட்டர்பேடில் முத்திரையோடு எழுதி அனுப்பினால், கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவேன்.

தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருகட்டும். எழுத்தாளருக்கு என் ஆசீர்வாதம், கோபம் ஆறிய பிறகு.

இப்படிக்கு,
வேலுசாமி

பி.கு.: உறை ஒட்டுமுன் சித்ராவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உக்காருப்பா" என்றாள். அச்சுக்குப் போகுமுன் தாங்கள் சில வாசகர்களுக்குக் கதையை அனுப்பிக் கருத்துக் கேட்பீர்களாமே, அதில் இவளும் ஒருத்தியாமே. ஜெகதீஷ் முதலில் எழுதியதில் மேகலாவுக்கு ஆண் குழந்தையே பிறந்ததாமே. "நான்தாம்பா ஆக்னஸ் அம்மாவுக்குப் போன் பண்ணி அத எடுக்கச் சொன்னேன். எல்லாக் கதையிலயும் கடைசில சாமியோ பேயோ வந்து ஒரு கொழந்தையக் குடுத்துடுது. கொழந்த இல்லாத ஒருத்தி அவ பாட்டுக்கு லாரி ஓட்டிட்டுப் போகட்டுமே" என்றாள். ஆகவே மேலே கேட்ட இரட்டைக் குழந்தையைத் தயவுசெய்து கொடுத்துவிட வேண்டாம், முத்திரைக் கடிதமும் வேண்டாம். இவ்வளவும் தெரிந்துமா அந்தத் தெர்மாகோல் கைக்கு அப்படிச் சிரித்துக்கொண்டு வளையல் போட்டாய் என்று கேட்டேன். "வேற எந்தக் கைக்குப்பா என்னப் போட விட்டாங்க?" என்றாள்.