மாமா ஒருக்கால் போய்வந்ததும் கிணறு கெட்டதும்

நேற்றுத்தான் படித்து முடித்தவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. அவன் கையில் ஒரு டப்பா சோதனைத் தாளையும் கொடுத்துவிட்டால் ஊர் தப்பாது. கண்டாவளைப் பக்கத்தில் ஒரு புது வீட்டுத் திட்டம் அப்படித்தான் என் கையில் அகப்பட்டது.

வீட்டுக்கு வீடு ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. நிலமோ மணல். குழியில் இருந்து கசிவது நைத்திரேற்று என்ற உப்பாக மாறிக் கிணற்றில் சேர்ந்தால் கைக்குழந்தைகளுக்குக் கூடாது. அதனால் ஆட்கள் குடியேற முன்னரே கிணற்று நீரைச் சோதித்துவிட்டு, பிறகு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். வேறு ஆள் கிடைக்காத குறைக்கு என்னை அனுப்பினார்கள்.

"போத்தல்கள் சுத்தமா இருக்கவேணும்" என்று எங்கள் மேலதிகாரி மிஸ் சொல்லியிருந்தா. எங்கள் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான் மினுக்குவார்கள். ஆய்வுகூடத்தில் புளி இல்லை. அலுமாரியில் அமிலம் இருந்தது. அதை விட்டுக் குலுக்கி, தண்ணீரில் ஒரு அலசு அலசிக் காயவைத்தேன். போத்தல்கள் பளபளத்தன. (நானும்தான்.)

முதல் வீட்டில் அன்று குடிபூரல், புதுமனை புகும் சடங்கு. வீட்டுக்காரி பவளம் அன்ரி எத்தனையோ இடம் மாறி, கடைசியில் சொந்தமாக ஒரு கிணறு கண்டவ. அந்தத் தண்ணீரில்தான் முதல் பொங்கல் என்று பானையை அடுப்பில் ஏற்றியிருந்தா. நான் கிணற்று நீரைப் போத்தலில் எடுத்து, நைத்திரேற்று இருந்தால் சிவக்கும் அந்தச் சோதனைத் தாளை விட்டேன். தாள் சிவந்தது. சிவந்து செவ்வரத்தம்பூவாகவே ஆகிவிட்டது. முதல் நாளே கண்டுபிடிப்பு! துள்ளிக்கொண்டு ஓடினேன்.

"நிப்பாட்டுங்கோ! பானையை இறக்குங்கோ! கிணத்துக்குள்ள கக்கூசுத் தண்ணி கலந்திட்டுது!"

அன்ரி அகப்பையோடு வந்தா. "என்ன கதை தம்பி இது? நாங்கள் இண்டைக்குத்தானே குடி வாறம்! அந்தக் கக்கூசுக்கு இன்னும் ஒருத்தரும் போகேல்லை!"

மூளை உள்ளவன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நானோ, "ஆரோ போயிருக்கினம். தாள் பொய் சொல்லாது" என்றேன்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பட்டுவேட்டியோடு பந்தல்காலைப் பிடித்து நின்ற அன்ரியின் தம்பி, சின்னராசா மாமா, தொண்டையைச் செருமினார்.

"காலமை... நான்தான் ஒருக்கால் போனனான்."

"குடிபூர முதலோ?"

"அவசரம் அக்கா. அது நல்ல நேரம் பாத்தே வருது?"

"ஒருக்காப் போனதுக்குக் கிணறே கெட்டுப்போகுமோ? நேற்று என்னடா சாப்பிட்டனி?"

"இடியப்பமும் சொதியும்" என்றார் மாமா பரிதாபமாக. (அதையும் நான் குறித்துக்கொண்டேன். ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சி.)

அன்ரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. "முதல் பொங்கலே வாய்க்கேல்லையே..." கண் கலங்கிவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்றார் ஐயர். நான் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், சிவப்பெண்டா அப்பிடி ஒரு சிவப்பு!"

"போத்தலை என்னத்தால கழுவினனீர்?"

"அமிலத்தால மிஸ். நல்லாக் கழுவினனான்."

"என்ன அமிலம்?"

"நைத்திரிக்..." என்னும்போதே என் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

"சோதனைப் பெட்டிக்க வடிநீர் இருக்கு, ஒண்டும் கலக்காத சுத்தத் தண்ணி. அதைப் போத்தலுக்க விட்டுத் தாளைப் போட்டுப் பாரும்."

போட்டேன். அதே செவ்வரத்தம்பூ.

"இப்ப சொல்லும். அந்த வடிநீருக்குள்ள ஆர் போனது?"

நைத்திரிக்கமிலத்தின் மிச்சம்தான் நைத்திரேற்று. தேடிப்போன பொருளை நானே போத்தலில் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! கிணற்றில் வாளியால் அள்ளி, நேரே வாளிக்குள் தாளைத் தோய்த்தேன். தாள் வெள்ளை வெளேரென்று சிரித்தது.

"தண்ணி நல்லம்! பொங்குங்கோ!" என்று கத்தினேன். அன்ரி பாய்ந்துபோய் அடுப்பை மூட்டினா. நல்ல நேரத்தின் வாலைப் பிடித்துப் பால் பொங்கி வழிந்தது. ஆனால் அதற்கு முன் கிணற்றில் அள்ளிய முதல் செம்புத் தண்ணீரை என்னையே குடிக்க வைத்துவிட்டுத்தான் விட்டா. பக்கத்தில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்த அவவின் மகள் வதனியைப் பிறகு நானே கட்டினேன். (நடந்தது தெரிந்தும் வேறு யார் பெண் கொடுப்பார்கள்?)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால், பந்தி நிறைய ஆட்கள் இருக்கும்போது மாமா எழும்புவார். மலசலகூடப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு, சத்தமாக என்னைக் கூப்பிடுவார்:

"மருமோன், ஒருக்காப் போட்டு வரட்டோ? பயப்பிடாதையும், நேற்றும் இடியப்பமும் சொதியும்தான்!"