எக்ஸ்ரே அக்காவும் மெக்சிகோக்காரம்மாவும்

சிதம்பரத்தில் தன் முகத்தைவிடத் தன் முதுகெலும்பை அதிகம் பேருக்குக் காட்டிய பெண்மணி யார் என்று கேட்டால், நான் யோசிக்கவே மாட்டேன். எக்ஸ்ரே அக்காதான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே வழி காட்ட ஆள் கிடையாது.

இன்று கடலூரில் இருக்கிறேன். அப்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். சேஃப்டி பின்னை விழுங்கியவர், பாட்டரியை மூக்கில் சொருகிக்கொண்ட குழந்தை என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இனி எனக்கு என்ன அதிர்ச்சி என்று ஒரு திமிர் இருந்தது. அக்கா உள்ளே வந்த அன்றே அது இறங்கிவிட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். புடவைக்கு மேல் இடுப்பு பெல்ட். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அந்த அழுக்கு நிற பெல்ட்டில் பச்சைக்கிளி, சூரியகாந்தி, பிளந்த மாதுளம்பழம் என்று பெயின்ட்டால் வரைந்திருந்தார். தலையில் பாதிப் பூக்கடை. இரண்டு புருவத்தையும் மையால் இணைத்து ஒரே கோடாக இழுத்திருந்தார். டோக்கன் கொடுக்கும் பெண் டோக்கனைக் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூவை எடுத்துடுங்கக்கா. உள்ள ஹேர்பின் இருந்தா படத்துல விழும்" என்றேன்.

"வுழட்டும் பாப்பா. எங்க மெக்சிகோக்காரம்மா பூ இல்லாம இருக்கவே மாட்டாங்க."

"உங்க சொந்தக்காரங்களா?"

"ஒரே மாதிரி அடிபட்டவங்க. சொந்தத்த வுட ஜாஸ்தி."

கதை இதுதான். அக்கா நர்சரி ஸ்கூல் சுவர்களில் முயலும் ஆப்பிளும் வரைகிறவர். கணவரோடு பைக்கில் போகும்போது விழுந்து, முதுகெலும்பு உடைந்து, ராடும் ஸ்க்ரூவும் வைத்து, மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்திருக்கிறார். அப்போதுதான் போனில் அந்த மெக்சிகோ ஓவியரைப் பார்த்தாராம். இளம் வயதில் பஸ் விபத்து, உடம்பில் பாய்ந்த கம்பி, இடுப்பைச் சுற்றி மாவுக்கட்டு, கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே அவர் வரைந்து தள்ளிவிட்டார். வலி வரவர, படத்தில் அவர் முகமும் வந்துகொண்டே இருந்தது. அவர் இறந்து பல வருஷமாகிவிட்டது என்பதை மட்டும் எக்ஸ்ரே அக்கா லட்சியமே செய்யவில்லை. "நேத்து ஒரு படம் பாத்தேன், ஒடம்பு ஃபுல்லா ஆணி. பாவம், இன்னா வலி வலிச்சிருக்கும்" என்று, பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்தவர் போலப் பேசுவார்.

அக்கா வீட்டில் கட்டிலுக்கு மேலே ஃபேன். அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மாட்டினால் சிதம்பரத்து வெயிலில் அக்கா வெந்துபோவார். ஆகவே கண்ணாடி அவர் கணவர் கையில். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, காபி குடித்த கையோடு, பீரோ கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். மனிதர் பேசுவதே அபூர்வம்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அக்கா முதல் வேலையாக ஒரு நர்சரி ஸ்கூல் சுவரில் அரிச்சுவடி வரையப் போனார். 'எ' என்ற எழுத்துக்குக் கீழே எலி இருக்க வேண்டும். அங்கே எலும்பு இருந்தது. அதுவும் பொது எலும்பு இல்லை, அக்காவின் சொந்த எலும்பு, ஸ்க்ரூ சகிதம்.

"ஏம்மா, எல்கேஜி புள்ளைங்க பாக்கற செவுத்துல இன்னாம்மா இது?" என்று கரஸ்பாண்டன்ட் கத்தியிருக்கிறார்.

"எலி எல்லார் ஊட்லயும் இல்ல சார். எலும்பு எல்லார்கிட்டயும் இருக்குதே" என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறார்.

எக்ஸ்ரேவுக்கு வரும்போதெல்லாம் போனில் தன் படங்களைக் காட்டுவார். ஒவ்வொன்றிலும் அவரேதான். ஒன்றில் முதுகு இரண்டாகப் பிளந்திருக்கும். இன்னொன்றில் கழுத்தைச் சுற்றி முள்கம்பி. எல்லாவற்றிலும் வயிற்றுப் பக்கம் ஒரு பலாப்பழம், பிளந்து, சுளை தெரிய. "பண்ருட்டிக்கு விளம்பரமாக்கா?" என்று நான் கிண்டல் செய்தேன். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

எங்கள் வேலையில் பெண்களிடம் படம் எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். வயிற்றில் குழந்தை இருந்தால் எக்ஸ்ரே ஆகாது. ஒவ்வொரு முறையும் கேட்பேன், அக்கா தலையை ஆட்டி 'இல்லை' என்பார். ஒருமுறை அதேபோல, மெஷினைச் சரிசெய்துகொண்டே, "மாசமா இருக்கீங்களாக்கா?" என்றேன்.

"அன்னிக்கு இருந்தேன் பாப்பா. மூணு மாசம்."

மெஷினை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"மசக்கையில எனக்குப் பலாப்பழம்னா உசுரு. அண்ணாகிராமம் பக்கம் தோப்புலயே போயி வாங்கணும்னு அடம் புடிச்சேன். வாங்கி மடியில வெச்சினு வரேன், குறுக்க ஒரு நாய் வந்துச்சி. என் முதுகு போச்சி, புள்ள போச்சி. அந்தப் பலாப்பழத்துக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல. நீ படம் எடு பாப்பா."

எடுத்தேன். மூச்சை அடக்கச் சொல்ல மறந்ததில் முதல் படம் வீணாகிவிட்டது.

அக்கா புடவை மாற்றப் போன நேரத்தில், கூட வந்திருந்த கணவர் என் பக்கத்தில் வந்தார். "மேடம், அந்த மெக்சிகோம்மா அவங்க ஊட்டுக்காரர வரைஞ்சிருக்காங்களா?"

"வரைஞ்சிருக்காங்கண்ணே. நெத்தியிலயே வெச்சி வரைஞ்சிருக்காங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "இவ ஒரு மூலையில கூட என்ன வெக்கல. வண்டி ஓட்டனது நானு. பலாப்பழத்த மட்டும் வரைஞ்சி வரைஞ்சி காட்றா. எனக்குப் புரியாமலா இருக்குது? வாயத் தொறந்து திட்டிட்டாலாவது தேவல. அப்பிடியே மனசு வெறுத்து ஒருநாளு போயிடுவாளோன்னு பயமா இருக்குது மேடம்."

இந்த நிலைமையில்தான் எங்கள் டாக்டருக்கு விபரீத ஆசை வந்தது. சென்டரின் ஓனர் அவர். வெயிட்டிங் ஹாலில் நோயாளிகள் மனம் அமைதியாகும்படி ஓர் இயற்கைக் காட்சி, அருவி, மான் என்று அக்காவிடம் கேட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது, சுவரில் ஆளுயரத்துக்கு அக்கா நின்றுகொண்டிருந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை திறந்த உடம்பு, ராடு, ஸ்க்ரூ, பலாச்சுளை, கன்னத்தில் கண்ணீர். சேத்தியாத்தோப்பிலிருந்து கால் வீங்கி வந்த ஒருவர் அதைப் பார்த்தார். "ஸ்கேனுன்னா இப்பிடித்தான் கீறிப் பாப்பாங்களா? நான் மாத்திரையிலயே பாத்துக்கறேன்" என்று எழுந்தவர், வந்தபோது நொண்டியதைக்கூட மறந்து வேகமாகப் போய்விட்டார்.

டாக்டர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "நான் மான் கேட்டேனே?"

"இருக்குதே டாக்டர், பின்னாடி." இருந்தது. அதுவும் அழுதுகொண்டிருந்தது.

கோபத்தில் எதைச் சொல்வதென்று தெரியாமல் அவர் படத்தை எண்ண ஆரம்பித்தார். "ஸ்க்ரூ ஆறு போட்டிருக்கீங்க. எக்ஸ்ரேல நாலுதான் இருக்கு."

"வெச்சது நாலு டாக்டர். வலிக்கறது ஆறு."

அந்த நேரம் பார்த்து, அக்காவை அழைத்துப்போகக் கணவர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். மேலிருந்து கீழே, இந்த ஓரம், அந்த ஓரம் என்று தேடினார். அப்புறம், பேசவே பேசாத அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"இவ்ளோ பெரிய செவுத்துல கூட எனக்கு எடம் இல்லியா? என்மேல அவ்ளோ வெறுப்பாடி?"

அக்கா திகைத்துப்போனார். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. "இன்னா மாமா பேசற? பலாப்பழம் கேட்டது நானு. அடம் புடிச்சது நானு. என் தப்ப நான் வரையறேன். உன்ன எதுக்கு அதுல இழுக்கணும்?"

"ஓட்டனது நான்டி!"

"கூப்ட்டது நானு!"

ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழிக்கு இப்படி முட்டிமோதிய இரண்டு பேரை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் சுவரை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அது சரி, அப்ப என்ன ஏன் வரையல?" என்று மறுபடியும் கேட்டார் கணவர்.

"கண்ணாடியில தெரியறதத்தான மாமா நான் வரையறேன்? நீ கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுகினு இருந்தா உன்ன எப்பிடி வரைவேன்?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காத்திருந்தவர்கள் எல்லோரும் ரொம்ப மும்முரமாகத் தங்கள் டோக்கனைப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "செவுத்துல இன்னும் எடம் இருக்கு. முடிச்சிட்டே போங்க" என்றார்.

நான் உடை மாற்றும் அறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர்கள் எதிரே தூக்கிப் பிடித்தேன். ஷிப்ட் சட்டையோடு இருந்த கணவரை அக்கா பக்கத்தில் இழுத்து நிறுத்தி, கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், பிரஷ்ஷை எடுக்கவே இல்லை. எனக்குத் தோள் இற்றுவிழுகிற மாதிரி வலித்தது. அவசரமில்லைக்கா, நல்லா பாருங்க என்றேன்.